தலைமாட்டில் நிற்பவர்

பச்சிளங்குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் தியேட்டரில் முதல் வேலையே ஏ.சி.யைக் குறைப்பதுதான். மற்ற நாட்களில் சில்லிட்டுக் கிடக்கும் அந்த அறை அன்றைக்குப் புழுங்கும். பச்சைக் கவுனுக்குள் நிற்பவர்களின் முதுகில் வியர்வை வழியும். மேஜையில் இளஞ்சூட்டுக் காற்று ஓடும் விரிப்பு தயாராக இருக்கும். குழந்தையின் தலைக்குப் பஞ்சு வைத்த குல்லாய், கைகால்களுக்குப் பஞ்சுச் சுற்று. ஏற்றப்போகும் சலைன்கூட வெதுவெதுப்பாகத்தான் உள்ளே போகும்.

காரணம் எளிது. எடையோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தைக்குத் தோல்பரப்பு மிக அதிகம். அதன் வழியாக உடற்சூடு மளமளவென்று வெளியேறும். குளிரில் உடலை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும் வித்தை இன்னும் அதற்குக் கைவரவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தோரத்திலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூட்டைத் தக்கவைக்கிறது. மயக்க மருந்து அந்த அடுப்பையும் அணைத்துவிடும். சூடு இறங்கினால் இதயத் துடிப்பு இறங்கும், மருந்து உடலை விட்டு வெளியேறத் தாமதமாகும், கண்விழிப்பதும் தள்ளிப்போகும்.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 250 மில்லிலிட்டர். ஒரு டம்ளர். அறுவை மருத்துவர் ஒற்றி எடுக்கும் பஞ்சுத் துணிகளில் 25 மில்லிலிட்டர் ஊறிவிட்டால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மூச்சுக்குழலின் உள்விட்டம் சுமார் நான்கு மில்லிமீட்டர். அதன் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் போதும், காற்று போகும் வழி கால் பங்காகச் சுருங்கும், மூச்சை இழுக்கும் சிரமம் பதினாறு மடங்காகும். பெரியவருக்கு அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் தொண்டைக் கரகரப்போடு போய்விடும்.

மருந்தின் அளவு கிலோ கணக்கில், மைக்ரோகிராமில். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும்.

இத்தனையையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். குழந்தையின் தலைமாட்டில், துணித் திரைக்கு அந்தப் பக்கம். ஒரு கை முகமூடியிலோ, காற்றடிக்கும் சின்னப் பையிலோ இருக்கும். கண் மானிட்டர் திரைக்கும் குழந்தையின் உதட்டு நிறத்துக்கும் மாறி மாறிப் போகும். வெட்டித் தைக்கும் மருத்துவரின் பெயர் உறவுக்காரர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரின் பெயரைப் பெரும்பாலான பெற்றோர் கேட்டுக்கூட வைத்துக்கொள்வதில்லை. சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அவர் கையிலிருக்கும் பைக்கே ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிலிப் ஏர் என்ற மயக்க மருந்து டாக்டர் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ள குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துவந்தார். அவரே அந்தப் பிளவுகளோடு பிறந்தவர். பெரியவர்களுக்காகச் செய்த கருவிகளில் இருந்த வால்வுகளைத் தள்ளித் திறந்து மூச்சுவிடும் பலம் குழந்தைக்கு இல்லை என்பதை அவர் கண்டார். சோர்ந்து, வெளுத்துப்போய்க் குழந்தைகள் மேஜையிலிருந்து இறங்கின. 1937-இல் அவர் வால்வுகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு சாதாரணக் குழாயை வைத்தார். ஒரு கிளையில் ஆக்சிஜனும் மயக்க வாயுவும் வரும், மறு கிளையில் குழந்தை விட்ட மூச்சு தங்குதடையின்றி வெளியேறும். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. லிவர்பூலைச் சேர்ந்த ஜாக்சன் ரீஸ் 1950-இல் அதன் வால்பக்கம் ஒரு திறந்த பையைச் சேர்த்தார். பை கைக்குள் விரிந்து சுருங்கும்போது, குழந்தையின் நுரையீரல் இறுக்கமாக இருக்கிறதா, இளகுகிறதா என்று உள்ளங்கை உணர்ந்துவிடும். இன்றும் உலகெங்கும் குழந்தைகள் தியேட்டரில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே ஜாக்சன் ரீஸின் முறையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆழமாக மயக்கினால் பச்சிளங்குழந்தை தாங்காது, இதயம் தளர்ந்துவிடும் என்ற பயம் அன்றைக்கு நியாயமானது. கையிலிருந்த மருந்துகள் அப்படிப்பட்டவை. அதனால் லேசான நைட்ரஸ் ஆக்சைடு வாயு, உடம்பை அசையாமல் வைக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து, இவை போதும் என்று வழக்கமாயிற்று. உயிர்கள் பிழைத்தன. அந்த வெற்றியே காலப்போக்கில் ஒரு கொடுமையாகவும் முடிந்தது.

தசை தளர்த்தும் மருந்துக்கு வலியை அடக்கும் சக்தி இல்லை. அது அசைவை மட்டும் நிறுத்தும். வலித்தாலும் குழந்தையால் காலை உதற முடியாது, வீறிட்டு அழ முடியாது. பிறந்த குழந்தையின் நரம்புகள் இன்னும் முழுதாக உறையிடப்படவில்லை, ஆகவே வலி பெரிதாக எட்டாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. எட்டினாலும் நினைவில் தங்காது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அபினி வகை வலிமருந்து மூச்சை நிறுத்திவிடும் என்ற பயமும் கூடவே இருந்தது. எல்லாம் சேர்ந்து, குறைப்பிரசவக் குழந்தைகளின் நெஞ்சைத் திறக்கும்போதுகூட வலிமருந்து கொடுக்காமல் விடுவது பல ஊர்களில் சாதாரணமாயிற்று.

1985-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தருகே உள்ள இரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷன் நடந்தது. சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. பிறகுதான் தாய் கேட்டுத் தெரிந்துகொண்டார்: ஆபரேஷன் முழுதும் குழந்தைக்குக் கொடுத்தது உடலை முடக்கும் மருந்து மட்டுமே. அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார், பத்திரிகைகளிடம் போனார். 1986-இல் செய்தி வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. தங்கள் குழந்தைக்கும் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று எத்தனையோ பெற்றோர் கலங்கிப்போனார்கள்.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில், ஆக்ஸ்ஃபோர்டில், ஓர் இந்திய இளைஞர் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். கன்வல்ஜீத் ஆனந்த். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் சென்றவர். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. ஆபரேஷனுக்கு அனுப்பும்போது ஓரளவு நன்றாக இருந்த குழந்தைகள், திரும்பி வரும்போது சாம்பல் பூத்த தோலும் மெலிந்த நாடியுமாக வந்தன. தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போனார். முடக்கும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் நடந்துகொண்டிருந்தன.

கோபப்பட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தால் அது அன்றோடு மறந்திருக்கும். ஆனந்தும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினார்கள். இரத்தக்குழாய் கட்டும் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் வழக்கமான மருந்து உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிமருந்து. இரத்தத்தில் அட்ரினலின் போன்ற பதற்ற ஹார்மோன்கள் எவ்வளவு ஏறுகின்றன, சர்க்கரை எங்கே போகிறது என்று எண்ணினார்கள். வலிமருந்து கிடைக்காத குழந்தைகளிடம் எல்லாம் எகிறியிருந்தன. அவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்திய சிக்கல்களும் அதிகம். வாயால் சொல்ல முடியாததை இரத்தம் சொல்லிவிட்டது. 1987 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் அது வந்தது. மொத்தமே 16 குழந்தைகள் கொண்ட சோதனை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சின்ன எண்ணிக்கை இவ்வளவு பெரிய வழக்கத்தைப் புரட்டிப் போட்டது அபூர்வம்.

அந்த ஆண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதமி, பச்சிளங்குழந்தைகளுக்கும் முறையான மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும் என்று அறிவித்தது. ஐந்து ஆண்டு கழித்து ஆனந்தும் பால் ஹிக்கியும் இன்னும் கனமான முடிவோடு வந்தார்கள். இதய ஆபரேஷனுக்கு வந்த 45 பிறந்த குழந்தைகளில் 30 பேருக்கு ஆழ்ந்த வலிநீக்கம், 15 பேருக்கு வழக்கமான லேசான முறை. அந்தப் பதினைந்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. முப்பதில் ஒன்றுகூட இறக்கவில்லை. மயக்க மருந்து குழந்தைக்கு ஆபத்து என்று பயந்து கொடுக்காமல் விட்டதுதான் ஆபத்தாக இருந்திருக்கிறது. இந்த விஷயத்தில் பயம் தவறான இடத்தில் போய் உட்காருவது இதுவே கடைசி அல்ல.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? மூச்சில்.

பிறந்த குழந்தை ஒவ்வொரு கிலோவுக்கும் பெரியவரைப்போல் இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் அதற்குச் சேமிப்பு கொஞ்சம்தான். ஆக்சிஜனை நன்றாக நிரப்பி வைத்த பெரியவர் மூச்சு நின்றாலும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிப்பார். கைக்குழந்தைக்கு இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. ஆக்சிஜன் இறங்கினால் இதயத் துடிப்பும் கூடவே இறங்கும். பெரியவரின் இதயம் ஆபத்தில் வேகமெடுத்துப் போராடும். குழந்தையின் இதயம் தளர்ந்துவிடும்.

மயக்க மருந்து டாக்டர்கள் அதிகம் அஞ்சும் காட்சி ஒன்று உண்டு. குழந்தை மயக்கத்துக்குள் போகும்போதோ, வெளியே வரும்போதோ, ஒரு சொட்டு எச்சில் குரல்நாணில் பட்டுவிடுகிறது. நாண்கள் இரண்டும் கதவைச் சாத்தியதுபோல் மூடிக்கொள்கின்றன. நெஞ்சு ஏற முயல்கிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, ஒரு சத்தமும் வராது. உதடு நீலமாக மாறும். லாரிங்கோஸ்பாஸம் என்பார்கள். முகமூடியை இறுக்கிப் பிடித்து, தாடையை முன்னால் தூக்கி, அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுப்பது, திறக்காவிட்டால் மயக்கத்தை ஆழமாக்குவது அல்லது தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்துவது. என்ன செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சில வினாடிகளுக்குள், கை நடுங்காமல் செய்வதற்குத்தான் பல ஆண்டுப் பயிற்சி.

நீலம் பாரிப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் ஒரு காலத்தில் கண்டுபிடித்தார்கள். கண் அதற்குப் போதாது என்பதை 1988-இல் சார்லஸ் கோட்டே குழுவினர் நிரூபித்தார்கள். ஆபரேஷனுக்கு வந்த 152 குழந்தைகளுக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள். பாதிப் பேருக்கு அதன் எண்ணும் ஒலியும் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டன. தனியாக ஒரு பார்வையாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்துக்குக் கீழிறங்கி அரை நிமிடம் நீடித்த பெரிய சரிவுகள் மொத்தம் 35. அவற்றில் 24, கருவி மறைக்கப்பட்ட பக்கத்தில் நடந்தவை. அக்கறையும் அனுபவமும் உள்ள டாக்டர்கள், நல்ல வெளிச்சம், திறந்த கண். அப்படியும் தோல் நிறம் மாறுவதற்குள் ஆக்சிஜன் எங்கோ இறங்கிவிட்டிருந்தது.

கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவியேதான். ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் கண்ட வழி. இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைச் சாயம் செலுத்தி, ஒளியால் அளக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை நீக்க முயலும்போதுதான், துடிப்போடு ஏறி இறங்கும் அந்த ஒளியே தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் கணக்கைச் சொல்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. தியேட்டரில் இந்தக் கருவியின் ‘பீப்’ ஒலி ஆக்சிஜனோடு சேர்ந்து சுருதி இறங்கும். பழகிய டாக்டர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, சுருதி அரைக்கால் இறங்கியதுமே கை பையைத் தேடிப் போய்விடும். 2010-இல் ‘லான்செட்’டில் வந்த ஒரு கணக்கின்படி உலகில் சுமார் 77,000 ஆபரேஷன் தியேட்டர்களில் இந்தக் கருவி இல்லை. கருவிகளை வாங்கிக் கொடுப்பதற்காகவே அடுத்த ஆண்டு லைஃப்பாக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது.

இப்போது நிலைமை எப்படி? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனை 2003 முதல் 2008 வரை கொடுத்த 1,01,885 மயக்கங்களைத் திரும்பிப் பார்த்தது. மயக்க மருந்தோடு தொடர்புடைய மரணங்கள் 10. அதாவது ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்று. அந்தப் பத்துக் குழந்தைகளுமே ஏற்கெனவே கடும் நோய் கொண்டவர்கள். ஐந்து பேருக்கு நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்த நோய். வேறு நோயில்லாமல் ஆபரேஷனுக்கு வந்த குழந்தை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

மரணம் அரிது என்பதால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவின் 33 நாடுகளில் 261 மருத்துவமனைகள் சேர்ந்து 31,127 மயக்கங்களைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று அதிகமாகவே கடுமையான நெருக்கடிகள் வந்தன. பெரும்பாலும் மூச்சு சார்ந்தவை. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னொரு ஐரோப்பிய ஆய்வில், மூன்றில் ஒரு மயக்கத்துக்கும் மேலாக டாக்டர் இடையில் புகுந்து எதையாவது சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் ஆய்வு காட்டிய இன்னொன்றுதான் முக்கியம்: தலைமாட்டில் நின்றவரின் அனுபவம் கூடக்கூட நெருக்கடிகள் குறைந்தன. மருந்துக் கம்பெனி எதுவும் விற்க முடியாத பாதுகாப்பு அது.

ஆனால் இன்றைய பெற்றோர் கேட்பது மூச்சைப் பற்றி அல்ல. “மயக்க மருந்து கொடுத்தா பிள்ளைக்குப் படிப்பு ஏறாதாமே டாக்டர்?” என்று கேட்கிறார்கள். இந்தப் பயம் எங்கிருந்தோ கிளம்பிய வதந்தி அல்ல. 2003-இல் அமெரிக்காவில் வெஸ்னா ஜெவ்டோவிச்-டோடோரோவிச் குழுவினர், பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்குத் தியேட்டரில் வழக்கமாகப் புழங்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். குட்டிகளின் மூளையில் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வளர்ந்த பிறகு அந்த எலிகள் புதிதாகக் கற்பதில் பின்தங்கின. வளரும் மூளையில், சத்தமும் செய்தியும் வராத நரம்பணு தனக்கு வேலையில்லை என்று தானே மடிந்துகொள்ளும். மயக்க மருந்து செய்வதே நரம்புகளின் பேச்சை நிறுத்துவது.

எலிக்கு நடந்தது குழந்தைக்கும் நடக்குமா? 2009-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் வைல்டர் குழுவினர், ஒரே வட்டாரத்தில் பிறந்த 5,357 குழந்தைகளின் பள்ளிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு வயதுக்குள் ஒரு தடவை மயக்க மருந்து பெற்றவர்களுக்குப் படிப்பில் வித்தியாசம் இல்லை. இரண்டு தடவை பெற்றவர்களுக்குக் கற்றல் குறைபாடு சுமார் 1.6 மடங்கு. மூன்று தடவையோ அதற்கு மேலோ என்றால் 2.6 மடங்கு.

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். நான்கு வயதுக்குள் மூன்று ஆபரேஷன் தேவைப்படுகிற குழந்தை யார்? இதயக் கோளாறோடு பிறந்தவள், குறைமாதத்தில் பிறந்தவன், காதில் ஓயாமல் சீழ் வைத்துச் சரியாகக் கேட்காதவன். படிப்பு பின்தங்கியதற்கு மருந்து காரணமா, நோய் காரணமா என்று பதிவேடு சொல்லாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தால்தான் தெரியும். ஆனால் வலிக்கும் ஆபரேஷனை மயக்கமில்லாமல் செய்து பார் என்று எந்தக் குழந்தையை வைத்துச் சோதிப்பது?

குடலிறக்கம் கைகொடுத்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த ஹெர்னியாவுக்கான ஆபரேஷனை முழு மயக்கத்திலும் செய்யலாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தும் செய்யலாம். இரண்டுமே நடைமுறையில் உள்ளவை. முதுகு ஊசி முறையில் ஒருவர் குழந்தையை உட்காரவைத்து, தலை முன்னால் மடங்கி மூச்சு அடைக்காதபடி தாங்கிப் பிடித்துக்கொள்வார். ஊசி போன சில நிமிடங்களில் கால்கள் துவளும். கீழிருந்து வரும் தொடு உணர்வு நின்றுபோவதாலேயே பல குழந்தைகள் இனிப்புத் தடவிய சூப்பானைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடும்.

மெல்பர்னின் ஆண்ட்ரூ டேவிட்சன், பாஸ்டனின் மேரி எலன் மெக்கன் ஆகியோர் தலைமையில் ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகள் 2007 முதல் 2013 வரை 722 கைக்குழந்தைகளை இப்படிக் குலுக்கிப் பிரித்தன. பிறகு காத்திருந்தார்கள். குழந்தைகள் வளர்ந்து ஐந்து வயதைத் தொட்டதும் புதிர்களும் படங்களும் கொடுத்து அறிவுத்திறனை அளந்தார்கள். 2019-இல் விடை வந்தது. இரு பக்கமும் சராசரி ஐ.க்யூ. ஏறத்தாழ 99. முழு மயக்கம் நீடித்த நேரம், நடுமதிப்பில், 54 நிமிடம்.

கூடவே வேறு சாட்சிகளும் சேர்ந்தன. மூன்று வயதுக்குள் மயக்க மருந்து பெற்ற 105 குழந்தைகளை, பெறாத அவர்களின் உடன்பிறப்புகளோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் இருவரின் ஐ.க்யூ.வும் ஒன்றே. ஒரே வீடு, ஒரே பெற்றோர் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். ஸ்வீடனில் சிறுவயதில் ஒரு தடவை மயக்க மருந்து பெற்ற 33,514 பேரின் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்தார்கள். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. எந்த மாதத்தில் பிறந்தார்கள் என்பதால் வரும் வித்தியாசம்கூட அதைவிடப் பெரிது.

பலமுறை மயக்க மருந்து பெற்றவர்கள் விஷயத்தில் மட்டும் கேள்வி இன்னும் மூடவில்லை. மேயோ கிளினிக்கின் 2018 ஆய்வில் 997 குழந்தைகளின் ஐ.க்யூ.வில் வேறுபாடு இல்லை. ஆனால் பலமுறை பெற்றவர்களிடம் விரல் நுட்பமும் சிந்தனை வேகமும் சற்றுக் குறைவாகத் தெரிந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ கொடுப்பதைப் பற்றித்தான். அதைப் படித்த பெற்றோர் சிலர் எந்த ஆபரேஷனும் வேண்டாம் என்று தள்ளிப்போடத் தொடங்கினால் அதற்கும் விலை உண்டு. பிறவிக் கண்புரையைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டால் பிறகு புரையை எடுத்தாலும் கண் சரியாகத் தெரியாமல் போகலாம். பார்க்கப் பழக வேண்டிய நாட்களை மூளை இழந்துவிட்டிருக்கும். அண்ணப் பிளவைத் தாமதித்தால் பேச்சு குழறும். சிக்கிக்கொண்ட குடலிறக்கம் காத்திருக்கவே விடாது. சின்னக் குழந்தைகளின் ஆபரேஷன்களில் அவசரமில்லாதவை சொற்பம். அப்படிப்பட்ட ஒன்றென்றால், தள்ளிப்போடலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. மற்றவற்றுக்கு, எலிக்குட்டியைக் காட்டி மறுப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பெற்றோர் கையில் உண்மையாகவே இருக்கும் பாதுகாப்பு வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிரிட்டா ஃபொன் உங்கர்ன்-ஸ்டெர்ன்பர்க் குழுவினர் 9,297 குழந்தைகளின் பெற்றோரிடம் ஆபரேஷனுக்கு முன் கேள்வித்தாள் கொடுத்தார்கள். யாருக்கு மூச்சுச் சிக்கல் வந்தது என்று பிறகு ஒப்பிட்டார்கள். கடந்த இரண்டு வாரத்துக்குள் சளி பிடித்திருந்தவர்கள், இராத்திரியில் வறட்டு இருமல் உள்ளவர்கள், ஓடினால் இளைக்கிறவர்கள், எக்ஸிமா என்ற தோல் அழற்சி இருந்தவர்கள், வீட்டில் புகைபிடிப்பவர்கள் உள்ள குழந்தைகள். இவர்களுக்குத்தான் ஆபத்து கூடியது. காசோ கருவியோ இல்லாமல், பெற்றோர் வாயைத் திறந்து சொன்னாலே டாக்டருக்குக் கிடைக்கும் தகவல் இவை. சளி இருப்பதைச் சொன்னால் தேதி தள்ளிப்போகுமே, எடுத்த லீவு வீணாகுமே என்று மறைப்பவர்கள் உண்டு. அப்பா வாசலில் நின்று பிடிக்கும் சிகரெட்டும் இந்தக் கணக்கில் சேரும். அதையும் சொல்ல வேண்டும், ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்தவும் வேண்டும்.

பிறகு வெறும் வயிறு. மயக்கத்தில் இருமும் அனிச்சை அடங்கிவிடுவதால், வயிற்றிலிருந்து மேலே வரும் பால் நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். முன்பு நள்ளிரவிலிருந்தே பட்டினி போட்டார்கள். இன்று அவ்வளவு கடுமை இல்லை. தெளிந்த நீராகாரத்தை ஒரு மணி நேரம் முன்புவரைகூடப் பல நாட்டு மயக்க மருந்து டாக்டர் சங்கங்கள் அனுமதிக்கின்றன. தாய்ப்பாலுக்கு மூன்று, நான்கு மணி நேரம், திட உணவுக்கு ஆறு. உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே உங்களுக்கு விதி. விடியற்காலையில் குழந்தை பசியில் வீறிடும்போது, பாட்டி மனம் கேட்காமல் ஒரு சங்கு பால் புகட்டிவிடுவது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான். அன்பில் செய்தது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது தலைமாட்டில் நிற்கப்போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் குழந்தையைப் பார்க்க வருவார். சளியையும் இருமலையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆபரேஷன் முடிந்த இரவில் மூச்சு விட்டு விட்டு நிற்கக்கூடும் என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைப்பார்கள். இந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துப் பழக்கமுண்டா என்று நீங்களும் அவரைக் கேளுங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்கு வருத்தப்பட மாட்டார். கடைசியாகப் பால் கொடுத்தது எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கும்போது சரியான நேரத்தைச் சொல்லுங்கள். தவறிப்போய்க் கொடுத்திருந்தால் ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.